வானாய்வகத்துக்கு இடம் தேடுவோர் முதலில் அந்த இடத்தின் இரவை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் மாநிலத்தின் மலைப்பகுதிகளில் புதிய வானாய்வகங்களும் மாணவர்களுக்கான தொலைநோக்கி மையங்களும் அமைய வேண்டும் என்ற விருப்பம் இப்போது பலரிடமும் காணப்படுகிறது. கொல்லிமலையில் இருண்ட வானப் பூங்கா அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்த பிறகு, எங்கள் பக்கத்து மலைக்கும் இப்படி ஒன்று வரக்கூடாதா என்று என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. மகிழ்ச்சிக்குரிய விருப்பம்தான். ஆனால், இன்ன இடத்தில் அமைக்கலாம் என்று அவர்கள் சொல்லும்போது எடுத்துவைக்கும் காரணங்களைக் கேட்டால் எனக்குக் கவலையே மிஞ்சுகிறது. தார்ச்சாலை மலை உச்சிவரை போகிறது, மின்கம்பங்கள் ஏற்கெனவே நட்டாகிவிட்டன, புறம்போக்கு நிலம் சும்மா கிடக்கிறது, மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்று அடுக்குகிறார்கள். அந்த இடத்தில் ஆண்டுக்கு எத்தனை இரவுகள் மேகமில்லாமல் இருக்கும், விண்மீன் எவ்வளவு நடுங்கும், அடிவானத்தில் எந்த ஊரின் வெளிச்சம் எழும்பித் தெரியும், இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அங்கே இருட்டு இருக்குமா என்பவற்றை யாரும் கேட்பதில்லை. சாலையையும் மின்சாரத்தையும் எந்த மலைக்கும் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். நல்ல வானத்தை அப்படிக் கொண்டுபோக முடியாது.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ஆலங்காயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்கிறவன் நான். முப்பத்தோராண்டுகள் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே போய்வந்த மாலைகள் பல. அந்த மலையையும் அதன் வானத்தையும் கண்ணால் பார்த்துப் பழகிய உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு பள்ளிக்கு நன்கொடையாளர் ஒருவர் ஆறு அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அந்தப் பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. எங்கே நிறுவுவது என்று கூடிப் பேசியபோது, மொட்டைமாடிதான் உயரமான இடம், அங்கிருந்து நாலாபுறமும் தெரியும் என்று முடிவாயிற்று. மேடை கட்டி, தகரக் கூரை போட்டு, திறப்பு விழாவும் நடந்தது. முதல் மாலையிலேயே சனிக் கோளுக்குத் திருப்பினோம். கொதிக்கும் நீருக்கடியில் போட்ட காசு போல அது நெளிந்துகொண்டிருந்தது. வளையம் இருப்பதாக ஊகிக்கலாமே தவிரக் காண முடியவில்லை. பகலெல்லாம் வெயிலை வாங்கிவைத்த கான்கிரீட் தளம் இரவில் அந்தச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. தொலைநோக்கியின் குழலுக்கு முன்னாலேயே வெந்த காற்று எழும்பிக்கொண்டிருந்தால் கண்ணாடி எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்? போதாக்குறைக்கு, பள்ளிக்கு எதிரே நாற்சந்தியில் அடுத்த ஆண்டே ஹைமாஸ் விளக்கு வந்தது. அதன்பின் அந்தத் தொலைநோக்கியில் நிலாவைத் தவிர வேறெதுவும் காட்ட முடியவில்லை. ஒருநாள் இரவு நானும் நான்கு மாணவர்களும் அதைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குக் கீழே புல்தரையில் வைத்துப் பார்த்தோம். இரவு இரண்டு மணிக்கு மேல், காற்று அடங்கிய நேரத்தில், சனியின் வளையத்துக்கும் கோளுக்கும் இடையே இருக்கும் கறுத்த இடைவெளி கத்தியால் கீறியது போலத் தெரிந்தது. மாணவர்களில் ஒருவன் கண்ணை எடுக்கவே மறுத்தான். கருவி அதே கருவி. மாறியது இடமும் நேரமும் மட்டுமே. இடத்தேர்வு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

வானியலாளர்கள் இந்த நடுக்கத்தை 'சீயிங்' என்றே குறிப்பிடுகிறார்கள். வெவ்வேறு வெப்பநிலை கொண்ட காற்றுத் திட்டுகள் ஒன்றோடொன்று கலக்கும்போது அவற்றினூடாக வரும் ஒளி கணந்தோறும் திசை மாறுகிறது. புள்ளியாகத் தெரிய வேண்டிய விண்மீன் பரவிய திட்டாகிவிடுகிறது. அந்தத் திட்டின் அகலத்தை விகலையில் அளப்பார்கள். ஒரு பாகையை (டிகிரியை) 3600 கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு விகலை. நல்ல இடங்களில் இது ஒரு விகலைக்கும் குறைவாக இருக்கும். மோசமான இடங்களில் மூன்று, நான்கு விகலைக்குப் போய்விடும். திட்டு இரு மடங்கு அகன்றால் அதே ஒளி நான்கு மடங்குப் பரப்பில் சிதறுகிறது. மங்கலான விண்மீன் பின்னணி வெளிச்சத்தில் கரைந்து காணாமல் போகிறது. உயர்ந்த மலைகளின் உச்சியில் அமைதியான காற்று கிடைக்கக்கூடும் என்று ஐசக் நியூட்டன் தம் ஒளியியல் நூலில் எழுதிவைத்தார். அதைச் சோதித்துப் பார்க்க 1856-இல் ஸ்காட்லாந்து வானியலாளர் பியாட்சி ஸ்மித் கேனரித் தீவுகளின் டெனரீப் மலைக்குத் தொலைநோக்கிகளைச் சுமந்து சென்றார். ஆனால் உயரம் மட்டும் போதாது. காற்று மலையின் மேல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். தொடர்மலையின் உட்பகுதியில் இருக்கும் சிகரத்தைவிட, சமவெளியையோ கடலையோ நோக்கித் தனித்து நிற்கும் சிகரம் பெரும்பாலும் சிறந்ததாக அமைவதன் காரணம் இதுவே. சரிவின் எந்தப் பக்கம், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கருவி நிற்க வேண்டும், சுற்றிலும் பாறையா மரமா புல்லா என்பவையெல்லாம் கணக்கில் சேரும்.

காவலூர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை இந்தப் பகுதி மக்களே பலர் அறியாமல் இருப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். 1960-இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்ற வானியலாளர் வைனு பாப்பு, சூரியனை மட்டுமன்றி இரவு வானத்தையும் ஆராய்வதற்கான இடத்தைத் தென்னிந்தியாவில் தேடினார். வடக்கே இமயத்துக்குப் போகாமல் அவர் ஏன் தெற்கில் தேடினார் என்பதற்கான விடை எளிய கணக்கில் இருக்கிறது. காவலூர் ஏறத்தாழ 12 பாகை 35 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) வட அகலாங்கில், அதாவது அட்சரேகையில், இருக்கிறது. நில நடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் வட வானம் முழுவதையும், தென் வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து பார்க்கலாம். நம் முன்னோர் அகத்தியர் பெயரால் அழைத்த பிரகாசமான தென்திசை விண்மீனை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி மாத முன்னிரவில் காவலூரில் அது தென் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 25 பாகை உயரத்தில் நிற்கும். லடாக்கின் ஹான்லேயிலிருந்து பார்த்தால் அதே விண்மீன் 5 பாகைகூட எழும்பாது. முன்னால் ஒரு குன்று இருந்தால் மறைந்தே போகும். நம் பால்வெளியின் மையம் காவலூரில் 48 பாகை உயரம் ஏறுகிறது, ஹான்லேயில் 28 பாகைதான். உயரம் 30 பாகையாகக் குறைந்தாலே விண்மீனின் ஒளி, தலைக்கு நேர்மேலே இருப்பதைப் போல இரு மடங்குக் காற்றைத் துளைத்து வர வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் பெறுமதி விளங்கும்.

நெட்டாங்கும் (தீர்க்கரேகையும்) அதே அளவுக்கு முக்கியம். தென் வானத்துப் பொருள்களைப் பார்க்கும் பெரிய ஆய்வகங்கள் ஒருபுறம் ஆஸ்திரேலியாவிலும் மறுபுறம் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் விடிந்து, தென்னாப்பிரிக்காவில் இன்னும் பொழுது சாயாமல் இருக்கும் நேரத்தில் வானத்தில் ஏதேனும் நிகழ்ந்தால் அதைப் பதிவுசெய்ய இந்த நெட்டாங்கில் ஒரு கண் திறந்திருக்க வேண்டும். 1968 வாக்கில் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுடன் காவலூரில் பணி தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அந்த ஆண்டே வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வு இங்கே பதிவாகி, கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கக்கூடும் என்பதற்குச் சான்று கிடைத்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் முன்னால் கடந்தபோது, அந்த விண்மீனின் ஒளி மங்கி மங்கி எழுந்ததைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்தக் காட்சி பூமியின் எல்லாப் பகுதியிலிருந்தும் தெரியக்கூடியதன்று. சரியான இடத்தில் கருவி இருந்ததால் நமக்குக் கிடைத்தது. 1986 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட, நம் நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு, அதைக் காணாமலே 1982-இல் மறைந்த பாப்புவின் பெயரையே சூட்டினார்கள்.

காவலூரின் குறைகளை மறைப்பதும் நேர்மையாகாது. கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம் என்பது இன்றைய அளவுகோலில் குறைவு. காற்றில் ஈரம் அதிகம். தென்மேற்குப் பருவத்தில் மேகம், அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவ மழை. மார்கழி கழிந்து தை பிறந்தால்தான் வானம் தெளியத் தொடங்கும்; கோடை இடிமேகங்கள் வரும்வரைதான் நல்ல காலம். அகச்சிவப்பு ஒளியை ஆராய வேண்டுமானால் காற்றில் நீராவி மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே அடுத்த பெரிய தொலைநோக்கிக்கு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் இமயத்தின் மறுபக்கம் போனார்கள். அவர்கள் போன விதம் நமக்குப் பாடமாக அமைய வேண்டும். செயற்கைக்கோள் மேகப் படங்களையும் வரைபடங்களையும் ஆராய்ந்து சில இடங்களைப் பொறுக்கி, அவற்றை நேரில் பார்த்து, அதன்பின் ஹான்லேயில் 1990-களின் நடுவிலிருந்து ஆட்கள் ஆண்டு முழுவதும், நீர் உறைந்து கல்லாகும் குளிரிலும், தங்கியிருந்து இரவிரவாக மேகத்தையும் காற்றையும் வெப்பநிலையையும் விண்மீன் நடுக்கத்தையும் குறித்தார்கள். அந்தக் குறிப்புகள் சேர்ந்த பிறகுதான் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி எழும்பி, 2000 செப்டம்பரில் முதல் ஒளியைக் கண்டது. அதைப் பெங்களூருக்கு அருகில் ஹொசகோட்டேயில் அமர்ந்தபடி செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். ஆய்வாளர் எளிதில் போய்வர வேண்டும் என்பது இடத்தேர்வின் முதல் காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

எல்லாக் கருவிக்கும் ஒரே இடம் பொருந்தாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நீலகிரியில் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்தவர்கள், இவ்வளவு நீளமான கருவியை ஏன் சரிவான மலையில் கட்டினார்கள் என்று வியந்திருப்பார்கள். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கருவியை வடக்கு தெற்காகக் கிடத்தியிருக்கிறார்கள். அந்த மலைச்சரிவு ஏறத்தாழ 11 பாகை. ஊட்டியின் அகலாங்கும் 11 பாகை. இரண்டும் ஒத்திருப்பதால் கருவியின் நீள அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. கருவியை அந்த ஒரே அச்சில் கிழக்கிலிருந்து மேற்காகத் திருப்பிக்கொண்டே போனால் போதும், வானத்துப் பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் சரியான திசையில் சரியான சரிவுள்ள மலையைத் தேடிக் கண்டுபிடித்து 1970-இல் இதை இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மலையே கருவியின் ஓர் உறுப்பாகிவிட்ட இப்படியொரு இடத்தேர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். சூரியனைப் பார்ப்பவர்களின் கவலை வேறு: பகல் வெயிலில் தரை சூடேறிக் காற்றைக் கலக்கிவிடும். அதனால் உதயப்பூரில் ஃபதே சாகர் ஏரியின் நடுவே ஒரு தீவில் சூரிய ஆய்வகத்தை அமைத்தார்கள்; சுற்றியிருக்கும் நீர் தரையைப் போல விரைவில் சூடேறாது. கொடைக்கானலையும், அங்கே சூரிய ஆய்வகத்தை அமைத்த மிச்சி ஸ்மித் சும்மா தேர்ந்துவிடவில்லை. பழனி மலையிலும் நீலகிரியிலும் வானத்தின் தெளிவையும் நிலைப்பையும் இரவும் பகலும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுத்தார். 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் அங்கிருந்துதான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார்.

மேகத்தையும் காற்றையும் மனிதன் கெடுக்க நெடுங்காலம் ஆகும். இருட்டைக் கெடுக்கப் பத்தாண்டுகள் போதும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த மவுண்ட் வில்சன், காற்று அமைதியில் உலகின் தலைசிறந்த இடங்களில் ஒன்று. 1917-இல் அங்கே இயங்கத் தொடங்கிய நூறு அங்குலத் தொலைநோக்கியால்தான் பிரபஞ்சம் விரிகிறது என்பதை வானியலாளர் எட்வின் ஹபிள் நிலைநாட்டினார். கீழே நகரம் வளர்ந்தது, வானம் வெளுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக்காக நகர விளக்குகளைக் குறைத்தார்கள். அந்த இருட்டைப் பயன்படுத்திக்கொண்ட அங்கிருந்த வானியலாளர் வால்டர் பாடே, ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தின் மையப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டினார்; விண்மீன்களில் இரு தலைமுறைகள் உண்டு என்ற கருத்து அதிலிருந்து பிறந்தது. போர் முடிந்ததும் விளக்குகள் திரும்பிவந்தன. 1985-இல் அந்தத் தொலைநோக்கியைச் சில ஆண்டுகளுக்கு மூடியே வைத்தார்கள். இடத்தைத் தேர்ந்தவர்கள் பிழை செய்யவில்லை. தேர்ந்த இடத்தின் இரவைக் காக்க அன்றைக்கு எந்த ஏற்பாடும் இல்லை, அவ்வளவுதான்.

இதை நான் எங்கள் மலையடிவாரத்தில் கண்ணெதிரே காண்கிறேன். நான் பணியில் சேர்ந்த காலத்தில் எங்கள் ஊர்க் களத்துமேட்டில் நின்று பார்த்தால் வடக்கே வாணியம்பாடிப் பக்கம் அடிவானத்தில் சன்னமான ஒரு வெளுப்பு தெரியும். இன்றைக்கு அந்த வெளுப்பு குடை விரித்தது போல ஆள் உயரத்துக்கு மேலேயும் ஏறியிருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையின் விளக்குகள், பெட்ரோல் பங்க்குகள், கல்யாண மண்டபங்களின் ஃபோகஸ் லைட்டுகள், ஏலகிரியில் பெருகிவிட்ட விடுதிகள் எல்லாம் அதில் சேரும். பழைய சோடியம் விளக்குகளுக்குப் பதிலாக வந்துள்ள வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் மின்சாரத்தை மிச்சப்படுத்துகின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றில் நீல ஒளி அதிகம். வானம் பகலில் நீலமாகத் தெரிவதற்கு எது காரணமோ அதே காரணத்தால் நீல ஒளி காற்றில் மிகுதியாகச் சிதறுகிறது. 450 நானோமீட்டர் நீல ஒளி, 600 நானோமீட்டர் செம்மஞ்சள் ஒளியைப் போல மூன்று மடங்கு சிதறும். பத்தாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய கணக்கு இது. விளக்கு எத்தனை வாட் என்று மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

மலைக்கிராம மக்களுக்கு விளக்கு வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். ஜவ்வாது மலையில் சாமை அறுத்துவிட்டு இருட்டில் வீடு திரும்பும் பெண்களுக்கும், காட்டெருமை குறுக்கிடும் பாதையில் டியூஷன் முடித்து வரும் பிள்ளைகளுக்கும் வெளிச்சம் வேண்டும். ஆனால் அவர்களுக்கு வேண்டிய வெளிச்சம் தரையில் விழ வேண்டியது. எங்கள் தெருமுனை விளக்கு ஒன்று நிமிர்த்தி மாட்டப்பட்டிருந்ததால், எதிர்வீட்டுப் பனைமரத்தின் கொண்டைக்கு நல்ல வெளிச்சம் கிடைத்தது; அதன் அடியில் இருந்த சாக்கடைப் பள்ளம் தெரியாமல் ஒரு பெரியவர் விழுந்து காலை முறித்துக்கொண்டார். பிறகு அந்த விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, மேலே ஒரு தகர மூடி போட்டார்கள். பள்ளமும் தெரிந்தது, வானமும் தெரிந்தது. இரண்டுக்கும் பகை இல்லை.

பிற நாடுகள் இதைச் சட்டமாகவே செய்திருக்கின்றன. அமெரிக்காவின் ஃப்ளாக்ஸ்டாஃப் நகரம் தன் அருகிலுள்ள ஆய்வகத்துக்காக 1958-லேயே விளக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கேனரித் தீவுகளின் வானத்தைக் காக்க ஸ்பெயின் 1988-இல் தனிச்சட்டம் இயற்றியது. நம் நாட்டிலேயே ஹான்லேயைச் சுற்றிய ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு 2022 டிசம்பரில் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஊர்மக்கள் விளக்குகளுக்கு மூடி போட்டு, சன்னல்களுக்குக் கனத்த திரை கட்டி, இளமஞ்சள் பல்புகளுக்கு மாறினார்கள். அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்று, தொலைநோக்கி வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு வானம் காட்டி வருவாய் ஈட்டுகிறார்கள். ஹான்லேயில் 2000-லிருந்து இயங்கும் ஆய்வகத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்கும்போது, 1968-லிருந்து இயங்கும் காவலூருக்கும் அது கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே அல்லவா?

ஆகவே தமிழக அரசின் அறிவியல், வன, நகராட்சி நிர்வாகத் துறைகளுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோளை முன்வைக்கிறேன். எந்த மலையில் புதிய வானாய்வகம் அமைப்பதாக இருந்தாலும், அடிக்கல் நாட்டும் நாளைக் குறிப்பதற்கு முன்பாக அந்த இடத்தை இரண்டு முழு ஆண்டுகள் அளக்க வேண்டும். ஓராண்டு போதாது, ஒரு பருவமழை பொய்த்த ஆண்டை வைத்து முடிவெடுத்தால் மேகக் கணக்கு முழுவதும் தவறிவிடும். அளப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வானத்தின் பின்னணி வெளிச்சத்தைக் குறிக்க உள்ளங்கையில் அடங்கும் கருவி இருக்கிறது. ஒரே விண்மீனின் இரு பிம்பங்களை அருகருகே விழவைத்து அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு ஆடுகின்றன என்று பார்த்து நடுக்கத்தை அளக்கும் சிறு தொலைநோக்கி இருக்கிறது. வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றைக் குறிக்கும் தானியங்கி நிலையம் இருக்கிறது. இவற்றை அக்கம்பக்கத்துக் கல்லூரி மாணவர்களிடம் ஒப்படைத்து, இரவுதோறும் கிடைக்கும் குறிப்புகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடலாம். ஒரே இடத்தை மட்டும் அளந்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. இரண்டு மூன்று மலைகளை ஒரே காலத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். அந்த மலையில் வாழும் மக்களிடம் கேட்காமல் ஒரு கல்லைக்கூடப் புரட்டக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஹவாய்த் தீவின் மவுனா கேயா மலையில் பெருந்தொலைநோக்கி ஒன்றின் கட்டுமானம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடப்பதற்கு, அம்மலையைப் புனிதமாகக் கருதும் மக்கள் பலரின் எதிர்ப்பே முக்கியக் காரணம்.

இன்னொன்று, என் மனத்துக்கு மிக நெருக்கமானது. புதிய இடங்களைத் தேடும் முன் கைவசம் உள்ள காவலூரைக் காப்பாற்றுங்கள். ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர், ஜமுனாமரத்தூர் ஆகிய பகுதிகளில் இனிப் பொருத்தப்படும் தெருவிளக்குகள் அனைத்தும் மேல்நோக்கி ஒளி சிந்தாதபடி மூடியிட்டவையாக, இளமஞ்சள் நிறம் கொண்டவையாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே நிபந்தனை சேர்த்தால் போதும். கூடுதல் செலவு பெரிதாக இராது. இரவு பத்து மணிக்கு மேல் விளம்பரப் பலகைகளின் விளக்குகளை அணைக்கச் சொல்லலாம். ஆய்வகத்தைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு இதைச் சட்டப்படி கட்டாயமாக்கி, எந்த ஒளி அளவைத் தாண்டக் கூடாது என்று எழுத்தில் வைக்க வேண்டும். புதிய ஆய்வகம் எங்கே அமைந்தாலும், கட்டடத்துக்கு அனுமதி தரும் அரசாணையிலேயே அதன் இருட்டுக்கும் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டி முடித்து இருபது ஆண்டுகள் கழித்துக் கேட்டால், அதற்குள் அங்கே குடியேறியவர்களிடமும் கடை போட்டவர்களிடமும் விளக்கை மாற்றச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை எங்கள் பகுதியிலேயே பார்க்கிறேன்.

என் மாணவர்கள் ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களில் நிலவில்லாத இரவுகளில் ஒரு பயிற்சி செய்தார்கள். ஆதிரை விண்மீன் ஒரு மூலையில் நிற்கும், ஓரியன் விண்மீன் கூட்டத்தின் அந்தப் பெரிய நாற்கரத்துக்குள், வெறுங்கண்ணுக்கு எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்று எண்ணி, தேதி, நேரம், இடத்தோடு குறித்துவைக்க வேண்டும். ஒரே களத்துமேட்டிலிருந்து எண்ணிய குறிப்புகள் பல ஆண்டுகளுக்கு இருக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் ஒரு பக்கத்தை நிரப்பிய புள்ளிகள் பின்னர் வந்த நோட்டுகளில் அரைப் பக்கமாகச் சுருங்கிவிட்டன. பிள்ளைகளின் கையெழுத்தில், சில இடங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் கரிபட்டு, அந்த நோட்டுகள் என் வீட்டு மரப்பெட்டியில் இருக்கின்றன. காவலூரைச் சுற்றி ஒளி அளவீடு செய்ய எந்தத் துறையாவது முன்வந்தால் அவற்றை ஒப்படைக்கக் காத்திருக்கிறேன்; அளக்க வருகிறவர்களுடன் மலையேறி வரவும் உடம்பில் தெம்பு இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ஆலங்காயம் வட்டாரம், திருப்பத்தூர் மாவட்டம்.